கண் மூடிய படம்

ஊருக்கு அந்த போட்டோ ஸ்டுடியோக்காரர் கைராசி. அவர் படம் எடுத்துக் கொடுத்து நின்றுபோன கல்யாணம் ஒன்றுகூட இல்லையாம். நடந்த கல்யாணங்களின் கதியை யாரும் அவர் கணக்கில் எழுதவில்லை.

தேர்தலில் நின்ற சிமெண்ட் கடைக்காரர் போஸ்டர் படத்துக்காக அவர் ஸ்டுடியோவுக்கு வந்தார். ஃப்ளாஷ் மின்னினாலே கண்ணை மூடிக்கொள்ளும் ஆள். கும்பிட்ட கையோடு எடுத்த படம் எல்லாவற்றிலும் இமை மூடியே இருந்தது. கைராசி அழிக்கப் போனார். கடைக்காரர் மனைவி எட்டிப் பார்த்தாள்.

“ஐயோ, அழிக்காதீங்க! சாமி கும்பிடுற மாதிரியே இருக்கு. வீட்ல நான் பார்த்ததே இல்ல.”

அந்தப் படம் ஸ்டுடியோவுக்கு எதிர்ச்சுவர் முழுக்க ஏறியது.

எதிர்த்து நின்றவர் கைராசியின் அக்கா கணவர். பஸ் டிரைவர். தெருவில் தண்ணீர் வராவிட்டால் அலுவலகத்தில் போய் உட்கார்ந்துவிட்டு, வந்த பிறகுதான் எழுந்திருப்பார். சாமி கும்பிடுகிற வழக்கம் கிடையாது. கும்பிடுவதாகச் சொல்லிக்கொள்ளவும் தெரியாது. அவர் படத்தில் கண் நன்றாகத் திறந்திருந்தது. “முறைக்கிறாரே” என்றது தெரு.

“தெரு கிடக்கட்டும் மாப்ள. உன் ஓட்டு எனக்குத்தான?”

“என்ன மாமா, இப்படிக் கேட்டுட்டீங்க!”

கேட்டிருக்க வேண்டியதுதான். தினமும் கடை திறந்தால் எதிரே அந்த மூடிய கண்கள். போகிறவர்கள் செருப்பைக் கழற்றாத குறை. இமை எப்படி மூடியது என்று அறிந்த ஒரே வெளியாள் கைராசி. அவரும் மெல்ல மெல்ல அதன் முன்னால் குரலைத் தாழ்த்திப் பேசப் பழகிவிட்டார். வாக்குச்சீட்டில் அதே முகம் குட்டியாக இருந்தது. மாமா முகம் பக்கத்திலேயே முறைத்தது. கை தானாக மூடிய கண் பக்கம் போனது; முத்திரையும் அங்கேயே விழுந்தது.

மாமா தோற்றார். தண்ணீர் வாரத்துக்கு ஒரு தரம் என்றானது. அலுவலகத்தில் போய் உட்கார ஆளில்லை. மாமா வெளிநாட்டில் லாரி ஓட்டப் போகிறேன் என்று பாஸ்போர்ட் படம் எடுக்க வந்தார். அக்கா அவருடன் வரவில்லை.

“தெருவே கைவிட்டுடுச்சு மாப்ள. நீயாவது போட்டியே, அது போதும்.”

கைராசி கேமராவுக்குப் பின்னால் முகத்தைப் புதைத்துக்கொண்டார். ஃப்ளாஷ் மின்னியது. வாழ்க்கையில் முதல்முறையாகப் படத்தில் மாமா கண் மூடியிருந்தது. கண்ணோரம் ஈரம்.

“மூடிட்டேனா? இன்னொண்ணு எடு. பாஸ்போர்ட்டுக்குக் கண்ணு தொறந்திருக்கணுமாமே.”

“ஆமா மாமா,” என்றார் கைராசி. “அதுக்கு மட்டும்தான் கேக்குறாங்க.”