சின்னக் காரில் ஏற்றிய ஊதுபத்தி

மட்டாஞ்சேரியில் மிளகு வியாபாரம் செய்த ஒரு தமிழ் முதலாளியிடம் நான் கார் டிரைவராக இருந்தேன். எழுபதுகள் முழுக்க நான் ஓட்டியது பழைய, கனத்த வண்டி. அதன் ஸ்டீயரிங்கைத் திருப்ப இரண்டு தோளும் வேண்டும். கைவண்டிகள் அடைத்து நிற்கும் கிடங்குத் தெருவில் அதை வளைத்து எடுக்க என்னை விட்டால் ஆள் இல்லை என்று முதலாளியே சொல்வார். அந்தப் பெயர்தான் எனக்குச் சோறு போட்டது. முருகன் கொடுத்த பெயர் என்று நினைத்துக்கொள்வேன்.

எண்பதுகளின் நடுவில் அந்தப் புதுச் சின்னக் கார் வந்தது. முதலாளி பெயரைப் பதிந்துவிட்டு வெகுநாள் காத்திருந்து வாங்கியது. எர்ணாகுளத்தில் போய்ச் சாவி வாங்கினோம். விற்றவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். மூன்றே சிலிண்டர். முன்சக்கரம்தான் வண்டியை இழுக்கும், அதனால் உள்ளே காலடியில் இடம் தாராளம். கியர் ஸ்டீயரிங் பக்கத்தில் இல்லை, கீழே தரையில். பின்பக்கம் கண்ணாடியும் கதவும் ஒன்றாக மேலே தூக்கும், சீட்டை மடித்தால் சாக்குகூட வைக்கலாம். நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். இஞ்சின் ஓடுவதே காதில் விழவில்லை. ஓடிக்கொண்டிருந்த வண்டியை மறுபடி ஸ்டார்ட் செய்யப் போக, அது கிறீச்சென்று கத்தியது. முதலாளி என்னைத் திரும்பிப் பார்த்தார்.

கிடங்குத் தெருவில் சுமை இறக்கிக்கொண்டிருந்த மலையாளி ஒருவர் வேலையை விட்டுவிட்டு வந்து பார்த்தார்.

"எந்தா அண்ணாச்சி, இது பழைய வண்டி பெத்த குட்டியாணோ? பால் கொடுத்தோ?"

தெருவே சிரித்தது. அந்தத் தெருவில் நான் வண்டியைத் திருப்பினேன். ஒரே வளைவு. கையில் பாரமே தெரியவில்லை. பின்சீட்டிலிருந்து முதலாளி, "அட, ஒரு விரல்ல திருப்பறியே! இதை நானே ஓட்டிடலாம் போலிருக்கே" என்றார்.

விளையாட்டாகத்தான் சொன்னார். நான்தான் வீட்டுக் கணக்கைப் போட ஆரம்பித்தேன். வீட்டில் மூன்று பிள்ளைகள். டிரைவர் வேலை தவிர வேறொன்றும் தெரியாது.

மறுநாள் காலையில்தான் அந்தத் தப்பு நடந்தது. வண்டியை எடுக்கும் முன் ஸ்டீயரிங்குக்கு எதிரே ஊதுபத்தி ஏற்றிக் கும்பிடாமல் நான் ஒருநாளும் ஓட்டியதில்லை. பழைய வண்டியில் அந்த இடம் இரும்புத் தகடு. சாம்பல் விழும், துடைத்துவிடுவேன். புது வண்டியில், பத்தி செருகும் பித்தளைத் தண்டு நிற்காமல் சரிந்தது. காற்று வரும் ஓட்டையில் பத்தியைச் செருகி ஏற்றிவிட்டு, வெளியே போய்க் கண்ணாடியைத் துடைத்தேன். திரும்பி வந்தபோது மோசமான நாற்றம். பத்தி சாய்ந்து அதன் நெருப்பு ஓட்டைக்கு மேலே இருந்த தட்டையான இடத்தில் பட்டிருந்தது. அங்கே எல்லாம் பிளாஸ்டிக் என்பது அப்போதுதான் உறைத்தது. விரல் நுழையும் அளவுக்கு உருகிக் குழிந்திருந்தது.

சட்டைப்பையில் இருந்த முருகன் படத்தை எடுத்து அந்தக் குழியின் மேல் ஒட்டினேன். சாமியை வைத்து என் தப்பை மூடினேன். இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

முதலாளி சந்தோஷப்பட்டார். அன்றுமுதல் முன்சீட்டில் உட்கார்ந்து, படத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் புறப்படுவார். அவர் விரல் அங்கே போகும்போதெல்லாம், படம் குழிக்குள் அமுங்கிவிடுமோ என்று பார்ப்பேன். ஒருநாள் முதலாளியின் மனைவி ஏறினார்கள்.

"ஏன்பா, எல்லார் வண்டியிலும் முருகன் நின்னுக்கிட்டு இருக்கார். நம்ம வண்டியில மட்டும் மல்லாக்கப் படுத்திருக்கார்?"

"வெயில் அடிக்கும்மா, அதான்" என்றேன். என்ன பதில் அது! அவர்கள் சிரித்துவிட்டு விட்டுவிட்டார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை. காலையில் கும்பிடக் கை எழவில்லை. யாரைக் கும்பிடுவது, எதை வேண்டுவது?

பத்து நாள் கழித்து முதலாளியை ஆலுவாவுக்குக் கூட்டிப்போனேன். வேலை முடிந்ததும் ஆற்றங்கரைப் பக்கம் வண்டியை நிறுத்தி, கடையில் சாயா வாங்கிக் கொடுத்தேன். அவர் குடிக்கும்போதே சொல்லிவிட்டேன். படத்தையும் பிய்த்துக் காட்டினேன்.

குழியையே பார்த்தார். "கோயில்ல திருடி உண்டியல்லயே போட்ட மாதிரி இருக்குடா உன் கதை" என்றார். சிரிக்கவில்லை.

"மன்னிச்சிடுங்க முதலாளி. வேலையை விட்டுப் போகச் சொன்னாலும் போறேன்."

அவர் கிளாஸை வைத்துவிட்டு வேறெங்கோ பார்த்தார். "நானும் உன்கிட்ட ஒண்ணு மறைச்சிருக்கேன். பழகறதுக்கு லைசென்ஸ் வாங்கிட்டேன். எப்படிச் சொல்றதுன்னு தெரியல. இப்ப கொஞ்ச தூரம் நான் ஓட்டறேன், நீ பக்கத்துல உக்காரு."

இடதுபக்க சீட்டில் முதன்முதலாக உட்கார்ந்தேன். என் கால் இல்லாத பிரேக்கைத் தேடியது. வண்டி ரெண்டு தடவை குதித்து நின்றது. அவர் நெற்றியில் வியர்வை. மூன்றாம் தடவை, "கிளட்ச்சை மெல்ல விடுங்க முதலாளி" என்றேன். நகர்ந்தது. கால் மைல் போயிருப்போம். ஒரு மாட்டுவண்டிக்கு ஒதுங்கி வழிவிட்டு ஓரமாக நிறுத்தினார். சுத்தமாக நிறுத்தினார்.

"உண்மையைச் சொல்லு. இந்த வயசுல எனக்கு இது வருமா?"

கஷ்டம் என்று ஒரு வார்த்தை நான் சொன்னால் போதும். என் பேச்சை அவர் தட்டமாட்டார், அன்றோடு விட்டுவிடுவார். மூன்று பிள்ளைகளும் கண்முன்னே வந்தார்கள். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் பொய்யோடு பத்து நாள் இருந்து பார்த்தவன் நான். இன்னொன்றைத் தாங்க உடம்பில் தெம்பு இல்லை.

"வரும் முதலாளி. லேசான வண்டி இது. ஒரு மாசம் பழகினா தனியாப் போயிடலாம்."

ஒரு மாதம்கூட ஆகவில்லை, முதலாளி தனியாகவே ஓட்டிக்கொண்டு போனார்.