களத்தில் நின்ற பட்டறை வண்டி

எங்கள் காப்பிக் களத்தில் பாதியை ஒரு வருசத்துக்கு மேல் வெள்ளைக்காரன் ராணுவம் பிடித்து வைத்திருந்தது. ராணுவம் என்றால் ஆள் இல்லை, ஒரு டிரெய்லர். இரண்டாம் உலகப் போரில் லாரி, ஜீப் மக்கர் பண்ணினால் அங்கேயே சரிபண்ணுவதற்காகப் பின்னாலேயே இழுத்துக்கொண்டு போன பட்டறை வண்டி. பக்கத்துப் பலகையைக் கீழே இறக்கினால் நின்று வேலை செய்ய மேடை. உள்ளே மர மேசை, இரும்பைக் கவ்விப் பிடிக்கிற ஒரு வைஸ், வரிசையாக இழுப்பறைகள். போர் முடிந்ததும் யாரோ ஒரு எஸ்டேட்காரர் ஏலத்தில் எடுத்து ஏற்காட்டுக்கு ஏற்றியிருக்கிறார். எஸ்டேட்டை ரிசார்ட்டுக்கு விற்றபோது அதைப் பழைய இரும்புக்குப் போட இருந்தார்கள். எங்க வீட்டுக்காரர் டிராக்டரில் கட்டி இழுத்துக்கொண்டு வந்து எங்க ஊர் தலைச்சோலையில் என் களத்தில் நிறுத்திவிட்டார்.

அவர் அரசு பஸ் டிப்போவில் ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். ஸ்பேனர் பிடித்த கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது என்பார். வீட்டுக் குழாய் மூன்று மாதமாக ஒழுகியது, அதற்கு மட்டும் அந்தக் கை வரவே வராது.

களம் என் அப்பா போட்டது, தோட்டமும் என் பேரில் இருப்பது. நான் தனியார் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சராக இருந்தவள், எனக்குப் பென்ஷன் கிடையாது. அவருடைய பென்ஷன் முழுக்க வண்டிக்குள் போனதால் வீடு என் காப்பியில்தான் ஓடியது. பறித்த பழத்தைக் களத்தில் மெலிசாகப் பரப்பி, பலகையால் கிளறிக் கிளறி விட்டு, கையில் எடுத்துக் குலுக்கினால் உள்ளே கொட்டை சலசலக்கிற வரைக்கும் காய வைக்க வேண்டும். கனமாகப் பரப்பினால் அடியில் வேர்த்துப் பூசணம் பூத்துவிடும். பாதிக் களத்தில் எத்தனை பழத்தைத்தான் பரப்புவது? பறிப்பு தொடங்குவதற்குள் களம் காலியாகவில்லை என்றால் வருசமே போச்சு.

“ஏனுங்க, களம் எப்பங்க காலியாகும்?” என்று கேட்டேன்.

“ஆயுத பூசைக்குள்ள முடிஞ்சிரும் அம்மிணி.”

ஆயுத பூசைக்கு வண்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, வைஸுக்கு மாலை போட்டு, பொரிகடலை படைத்தார். வண்டி நகரவில்லை. தீபாவளி என்றார், அதுவும் போனது. சக்கரத்தையெல்லாம் கழற்றிவிட்டுக் கருங்கல் மேல் நிறுத்தியிருந்தார், அது எப்படி நகரும்?

இதில் ஆராய்ச்சி வேறு. நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. உலகத்தில் இருக்கிற பழைய ராணுவ வண்டிப் பைத்தியங்கள் எல்லாம் சேர்ந்து போனில் ஒரு குரூப் வைத்திருக்கிறார்கள். அதில் இங்கிலாந்துக்காரர் ஒருவர். இவர் அவரை ‘தொரை’ என்றுதான் சொல்வார். எந்த வருசத்தில் இருக்கிறோம் என்ற நினைப்பே இல்லை! தொரை போட்டோவைப் பார்த்து நட்டு தப்பு என்பார், இவர் சேலத்துப் பழைய இரும்புக் கடையெல்லாம் நாயாய் அலைவார். தொரை பெயிண்டைச் சுரண்டிப் பார்க்கச் சொல்வார், இவர் பிளேடை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். எஸ்டேட்காரர் அடித்த நீலத்துக்கு அடியில் பச்சை, பச்சைக்கு அடியில் ஒரு சாணி நிறம். அதுதான் ராணுவம் அடித்த அசல் பெயிண்டாம், அதைக் கண்டதும் மனுசனுக்குக் கண் கலங்கிவிட்டது. பெத்த பொண்ணு கல்யாணத்தில்கூட கலங்காத கண். தொரை எழுதுவதைத் தமிழில் சொல்வதும் இவர் சொல்வதை இங்கிலீசில் எழுதுவதும் என் வேலை. நான் சொன்னால் காதில் ஏறாத மனுசன், அதையே தொரை சொன்னதாகச் சொன்னால் எழுந்து நின்று கேட்பார்.

மேசைக்கு அடியில் வெள்ளையாகத் திட்டுத் திட்டாக என்னவோ ஒட்டியிருந்தது. அதைப் போட்டோ எடுத்துப் போட்டார். பனிப் பிரதேசத்தில் மறைந்து நிற்பதற்காக அடித்த பெயிண்டாக இருக்கலாம் என்று ஒரு மகான் எழுதினார். இல்லை, சுண்ணாம்பு என்று இன்னொரு மகான். ஒரு வாரம் அடிதடி. எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற ரைட்டரின் சம்சாரம் அந்த வண்டியில் கோழி அடைத்து வைத்திருந்ததை என் இரண்டு கண்ணாலும் பார்த்திருக்கிறேன்.

“ஏனுங்க, அது கோழிப் பீங்க” என்றேன்.

“உனக்கென்ன தெரியும்? தொரை இன்னும் பதில் போடல, இரு” என்றார். இருந்தேன்.

கார்த்திகையில் பழம் சிவந்துவிட்டது. செடியில் விட்டால் உதிர்ந்து போகும். பக்கத்து ஊர் வெள்ளக்கடையிலிருந்து ஆள் கூட்டி வந்து பறித்து, பாதிக் களத்தில் இரட்டைக் கனத்துக்குப் பரப்பினேன். விடிந்ததிலிருந்து கிளறியே தோள்பட்டை கழன்று போனது. வீட்டில் இரண்டு தார்ப்பாய் இருந்ததில் ஒன்றை எனக்குத் தெரியாமல் வெட்டி, வண்டிக்கு ஒரு பக்கம் மட்டும் முன்கூரை தைத்துவிட்டார். கேட்டதற்கு, தொரை அனுப்பிய படத்தில் அப்படித்தான் இருக்கிறதாம். மிச்சம் இருந்த ஒரே தார்ப்பாயை நான் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு காவல் காத்தேன்.

காப்பி முக்கால்வாசி காய்ந்திருந்த சமயம், வண்டியைப் பார்க்கப் பெங்களூரிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். குரூப்பின் பெரிய தலைகளாம். தலைக்குத் தொப்பி, சட்டை முழுக்கப் பாக்கெட்டு, மழையே பார்க்காத பூட்ஸ். அவர்கள் வருகிறார்கள் என்று இவர் முந்தின நாள்தான் கடைசிக் கோட்டு பெயிண்ட் அடித்து முடித்திருந்தார். ஒருத்தர் வைஸைத் தடவிக் கண்ணை மூடிக்கொண்டார். இன்னொருத்தர் தரையில் படுத்து அடியில் டார்ச் அடித்தார். மூன்றாவது ஆள் நேராக என் காப்பி மேல் நடந்து போய் நின்று போட்டோ எடுத்தார். “சார், கீழே பாருங்க” என்றேன். பார்த்துவிட்டு, “ஓ, இது என்ன விதை?” என்றார். இதுகளுக்கெல்லாம் கார் ஓட்ட லைசென்ஸ் கொடுக்கிறார்கள்.

குப்பனூர்ப் பக்கம் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. நானும் வேலைக்கு வந்த பெண்ணும் அரக்கப் பரக்கக் காப்பியைக் கூட்டிக் குவித்து, தார்ப்பாயைப் போட்டு, சுற்றிலும் கல் வைத்தோம். அப்பாடா என்று இருந்தது. அந்தப் பெண் தோட்டத்தில் இருந்த பழக்கூடைகளைக் கொண்டு வர ஓடினாள்.

“மேடம், உங்க தோட்டத்துக் காப்பி ஒண்ணு கெடைக்குமா?” என்றார் தொப்பிக்காரர் ஒருவர். ஊட்டுக்கு வந்த விருந்தாளி கேட்டால் போடாமல் என்ன செய்வது? உள்ளே போய் டிகாஷன் இறக்கினேன். பால் கொதிக்கும்போது ஓட்டின் மேல் மழை தடதடவென்று விழுந்தது. தார்ப்பாய் போட்டுத்தானே இருக்கிறது என்று நிதானமாகச் சர்க்கரை கலந்தேன்.

டம்ளர்த் தட்டோடு வாசலுக்கு வந்தால், தார்ப்பாய் வண்டி மேல் இருந்தது. இவர் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டிருக்க, மற்ற மூன்று மூலையையும் அந்த மூன்று பேர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நான் வைத்த கல்லை எல்லாம் அழகாக எடுத்து ஓரமாக அடுக்கியிருந்தார்கள். குவியல் திறந்து கிடந்து மழையில் கரைந்து கொண்டிருந்தது. களத்து ஓரமாகக் காப்பி மிதந்து பள்ளத்துக்கு ஓடியது.

“என்னங்க பண்ணி வெச்சிருக்கீங்க!” என்று கத்தினேன்.

“பெயிண்ட் இன்னும் காயல அம்மிணி!” என்றார்.

“என் காப்பியும் காயலைங்க!”

அவர் மூலையை விடவில்லை. தட்டை வாசல் திண்டில் வைத்துவிட்டு மழையில் இறங்கினேன். சாக்கு, பிளாஸ்டிக் கூடை, என் பழைய சேலை, எது கையில் கிடைத்ததோ அதையெல்லாம் போட்டு மூடினேன். அந்தப் பெண்ணும் ஓடிவந்து, “ஐயோ அக்கா, ஐயோ அக்கா” என்று இரண்டு கையாலும் அள்ளினாள். மழை விட்டபோது குவியல் மொத்தமும் ஊறிப்போயிருந்தது. அதற்குள் அந்த மூன்று பேரும் திண்டில் இருந்த காப்பியை எடுத்துக் குடித்திருந்தார்கள். நொம்ப அருமை என்று சொல்லிவிட்டுக் கார் ஏறினார்கள்.

நான் அழுதுகொண்டே ஈரக் காப்பியைக் கிளறினேன். இவர் பக்கத்தில் வந்து நின்றார். மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

“எதுக்கு இப்படி அழுகறே? ஒரு வருசக் காப்பிதானே. அடுத்த வருசமும் செடி காய்க்கும். இந்த வண்டி கெட்டுப் போனா வேற கெடைக்குமா?” என்றார்.

இத்தனை வருசத்தில் அவர் மேல் எனக்குக் கோபம் வந்திருக்கிறது, சலிப்பு வந்திருக்கிறது. அன்றைக்குத்தான் அந்த முகத்தைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கிளறினேன்.

அடுத்து வெயிலும் சரியாக வரவில்லை. காப்பி அடியோடு பூசணம் பிடித்தது. வழக்கமாக எங்களிடம் வாங்குகிற ஏற்காட்டுக் கடை பாய் ஒரு கை அள்ளி மோந்து பார்த்துவிட்டு, மூட்டை வாயைத் திரும்பக் கட்டினார். “கோவிச்சுக்காதீங்க அக்கா. இத உள்ள வெச்சா எங்கிட்ட இருக்கற நல்ல சரக்கும் நாறிப்போயிரும்” என்றார். நல்ல மனுசர், அவரைக் குறை சொல்ல முடியாது. மூட்டைகளை ஆட்டோவில் திருப்பி ஏற்றிக்கொண்டு வந்தேன். அந்த வருசம் என் சங்கிலியை அடகு வைத்துத்தான் வீட்டை ஓட்டினேன்.

வந்த மூட்டைகளைத் தூக்கி எறிய மனசு வரவில்லை. ஒரு மூட்டையைப் பிரித்துத் தோல் நீக்கி, வறுத்து, அரைத்து, தனி டப்பாவில் போட்டேன். எனக்குக் கடையில் நூறு கிராம் நல்ல தூள் வாங்கிக்கொண்டேன். மறுநாள் காலையில் அவருக்கு அந்தத் தனி டப்பாவிலிருந்து போட்டுக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்ததும் முகம் கோணிப் போனது.

“என்ன அம்மிணி, பூசண நாத்தம் கொடலைப் புடுங்குது?”

“ஒரு வருசக் காப்பிதானுங்க, குடிங்க” என்றேன்.

டம்ளரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், குடித்தார். மறுநாளும் அதைத்தான் போட்டேன். இன்னும் நாலு மூட்டை இருந்தது.