ஓமத்தண்ணீர்

வில்லியனூர்ப் பக்கம் நான் வேலை பார்க்கும் ஆய்வகத்தில், ஓமத்துக்கு வாசம் தரும் பொருளை எலிகளுக்குக் கொடுத்து, அளவு கூடினால் உடம்புக்குக் கெடுதல் வருமா என்று பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு வரிசைக் கூண்டுகளுக்கு மட்டும் வெறும் தண்ணீர்தான். அவற்றோடு ஒப்பிட்டுத்தான் மற்றவற்றுக்கு என்ன ஆனது என்று சொல்ல முடியும்.

ஒருநாள் காலை அந்த வரிசையில் ஓம வாசனை அடித்தது. எலிகளைப் பார்த்துக்கொள்ளும் அக்கா குருவிநத்தத்திலிருந்து வருபவர். அவரைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

“ஒன்னுக்கு வவுறு உப்பிப் போயி சுருண்டு கெடந்துச்சு மேடம். மத்ததுக்கும் வந்துடப் போவுதுன்னு எல்லா பாட்டில்லயும் ஓமத்தண்ணி ஊத்திட்டேன். எங்க வூட்டுப் புள்ளைங்களுக்குக் குடுக்கறதுதானே? இன்னா ஆயிடப் போவுது?”

“அது நல்லதா கெட்டதான்னு பார்க்கத்தானேக்கா இவ்ளோவும் பண்றோம்!” என்று கத்தினேன்.

ஒப்பிட, வெறும் தண்ணீர் மட்டுமே குடித்த எலி ஒன்றுகூட இல்லாமல் போனதால் இரண்டு மாத வேலை வீணானது. எல்லா எலிகளையும் மயக்கிக் கொன்றுவிட்டுப் புதிதாகத் தொடங்கச் சொல்லிவிட்டார்கள்.

மயக்கப் பெட்டிக்குள் விட நான் கை நீட்டியபோதெல்லாம் அவை மூலைக்கு ஓடின. அக்கா என்னை விலக்கிவிட்டு, ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். அவர் கையில் அவை நடுங்கவில்லை. கடைசியாக வந்தது அந்த எலி.

“வவுறு வத்திடுச்சு பாருங்க மேடம்” என்றார்.

தடவிப் பார்த்தேன். வற்றித்தான் இருந்தது.