குளிர்காலத்துக்கு ஒரு ஆள்

எங்கள் ஊர் அனெமோபெத்ராவுக்கு வருடத்தில் பாதிதான் உயிர். கிரேக்க நாட்டுப் பிந்தோஸ் மலையின் முதுகில் தொற்றிக்கொண்டிருக்கும் இந்தக் கல்வீடுகளுக்கு மே மாதம் ஆடுகளோடு ஆட்கள் ஏறி வருவார்கள். அக்டோபர் கடைசியில் புனித திமித்ரியோஸ் திருநாள் முடிந்ததும் சமவெளிக்கு இறங்கிவிடுவார்கள். அதன்பிறகு பனிதான். ஊரில் மிஞ்சுவது ஒரு காவலரும் அவர் குடும்பமும். துருக்கியர் ஆண்ட காலத்திலிருந்தே இதுதான் வழக்கம். போர்க்காலத்தில் ஜெர்மானியர் ஊரைக் கொளுத்திவிட்டுப் போன பிறகுகூட, கரிபிடித்த சுவர்களுக்குக் காவல் வைத்தோம் என்று பெருமையடிப்பார்கள். யாரை வைத்தீர்கள் என்று கேட்டால் ஒருவருக்கும் பெயர் தெரியாது. என் எரிச்சல் அங்கேதான் தொடங்குகிறது.

இப்போதைய காவலர் தோலிஸ் மாமா. என் அப்பா இறந்த வருடம் ஊர் வீடுகளின் சாவிக்கொத்தை எடுத்தவர், இறக்கிவைக்க வழியில்லாமல் சுமந்துகொண்டிருந்தார். கூரைக் கற்பலகைகளிலிருந்து பனியைத் தள்ளுவது, குழாய் உறைந்து வெடிக்காமல் தண்ணீரைச் சொட்டவிடுவது, கரடி முட்டிய கதவைச் சரிசெய்வது எல்லாம் அவரும் அவர் மனைவி லேங்கோ அத்தையும்தான். லாரிஸா நகரத்தில் கணப்பருகே உட்கார்ந்து வீட்டுக்காரர்கள் தொலைபேசியில் கேட்பார்கள்: "எங்க வீட்டுப் புகைபோக்கி எப்படி இருக்கு?" அத்தை எப்படி இருக்கிறார் என்று கேட்டவர்கள் குறைவு.

போன பிப்ரவரியில் அத்தைக்கு நுரையீரலில் சளி கட்டிக்கொண்டது. பாதையைப் பனி மூடியிருந்தது. பனிவாரும் வண்டி மேலே வந்து சேர்வதற்குள் உதடு நீலம் பாரித்துவிட்டது. இன்னொரு குளிர்காலத்தை மேலே கழித்தால் உயிருக்குப் பொறுப்பேற்க முடியாது என்றார் மருத்துவர்.

காவல் கைமாறுவது ஆகஸ்டில், மாதா திருநாளன்று. கோயில் முற்றத்தில் பெரிய வட்ட நடனம் முடிந்ததும் காவலர் சாவிக்கொத்தை மதில்மேல் வைப்பார். விரும்பியவர் எடுக்கலாம். 'நீ எடு' என்று யாரும் யாரிடமும் சொல்லக்கூடாது. பொழுது சாய்வதற்குள் ஒருவரும் எடுக்காவிட்டால், வைத்தவரே எடுத்துக்கொள்ள வேண்டும்.

பல வருடம் நாடு நாடாகச் சுற்றிவிட்டு இந்தக் கோடையில்தான் நான் ஊர் திரும்பியிருந்தேன். நானே எடுக்கட்டுமா என்று முதல் நாள் அத்தையிடம் கேட்டேன். "முதல் பனி விழுந்ததும் நீ கப்பலேறிடுவே. அப்புறம் இந்த மனுஷன்தான் திரும்பி வந்து நிப்பாரு," என்றார். எனக்கே என்மேல் அந்தச் சந்தேகம் இருந்தது.

திருநாளும் வந்தது. மதில்மேல் சாவிகள் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. கறி தின்றவர்கள் தட்டைப் பார்த்தார்கள். குடித்தவர்கள் வானத்தைப் பார்த்தார்கள்.

"நான் எடுத்திருப்பேன் தோலிஸ். இந்த முட்டிவலிதான் விடமாட்டேங்குது," என்றார் பக்கத்து வீட்டு நாசிஸ்.

"அப்போ இப்ப வட்டத்துல முன்னாடி நின்னு குதிச்சது யாரு முட்டி?" என்றார் அத்தை. எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டு மறுபடி தட்டைப் பார்த்தார்கள்.

பொழுது இறங்கும் நேரத்தில் ஊர்ச் சங்கத் தலைவர் வாயோஸ் எழுந்தார். கையில் கண்ணாடிச் சட்டம் போட்ட பாராட்டுப் பத்திரம்.

"நம்ம தோலிஸ் இருக்கிறவரைக்கும் இந்த ஊர் வரலாறு அழியாது! ஒவ்வொரு வீடும் ஒரு வரலாறு! எல்லாரும் நல்லா கைதட்டுங்க!"

கைதட்டல் அடங்கவே இல்லை. தோலிஸ் மாமாவின் கண் கலங்கியது. அவர் கை மெல்ல மதிலை நோக்கிப் போனது. எனக்கு அவரையே அறையலாம் போலிருந்தது.

"கையை எடு," என்றார் அத்தை.

"எல்லாரும் பாக்குறாங்கடி."

"பாக்கட்டும். அவங்களுக்குத் தெரிஞ்ச வேலை அது ஒண்ணுதானே."

அத்தையே கொத்தை எடுத்தார். அப்பாடா என்று ஊரே மூச்சுவிட்டது. அத்தை வளையத்தை நெம்பித் திறந்தார். மேசை மேசையாகப் போய், ஒவ்வொரு சாவியையும் அந்தந்த வீட்டுக்காரர் தட்டருகே வைத்தார்.

"இந்தா வாயோஸ், உன் வரலாறு. கூரையில பனி ஏறினா தள்ளிவிடு, மறந்துடாதே."

"இது வழக்கமே இல்லியே அக்கா!"

"நான் யாரையாவது எடுன்னு சொன்னேனா? அவங்கவங்க பொருளை அவங்கவங்க கையில குடுக்கிறேன். அவ்வளவுதான்."

மறுநாள் காலை என் வண்டியில் அவர்களை ஏற்றினேன். அக்டோபர் வரை இருந்தால் ஆளுக்கொரு புகழ்ச்சியாகச் சொல்லி மாமாவைக் கரைத்துவிடுவார்கள் என்று அத்தைக்குத் தெரியும். கோயிலைக் கடக்கும்போது பார்த்தால் மதில்மேல் மறுபடியும் சாவிகள். விடிவதற்குள் யார் யாரோ கொண்டுவந்து வைத்திருந்தார்கள்.

"நிறுத்தும்மா. மழையில துருப்பிடிச்சிடும்," என்றார் மாமா.

"இறங்கினா நீ இங்கேயே இருந்துக்கோ. நான் பொண்ணு வீட்டுக்குப் போறேன்," என்ற அத்தை என் தோளைத் தட்டினார். "ஓட்டு."

ஓட்டினேன். எந்த வீட்டுக் குழாய் முதலில் உறையும், எந்தக் கூரை பனி தாங்காது என்று மாமா வழிநெடுக யாரிடமோ போலச் சொல்லிக்கொண்டே வந்தார்.

இப்போது நவம்பர். அத்தை திரிக்கலாவில் மகள் வீட்டு மாடிப்படிகளை மூச்சிரைக்காமல் ஏறுகிறார். மேலே முதல் பனி விழுந்துவிட்டது. ஊரில் ஆள் இல்லை. சங்கம் லாரிஸாவில் கூட்டம் போட்டிருக்கிறது, தோலிஸ் மாமாவுக்குச் சிலை வைக்கலாமா என்று பேச.