நாலாவது யூரியா

எங்கள் ஊரில் மூன்றரை மாத நெல்லும் இத்தாவும் ஒன்றாகத் தொடங்கினால் நெல்தான் முந்தி முடியும். புருஷன் மௌத்தான, இறந்துபோன, பெண் நாலு மாதம் பத்து நாள் வீட்டோடு இருக்கவேண்டும்; அதுதான் இத்தா. அதற்குள் நெல் முளைத்து, கதிர் தள்ளி, அறுத்து மூட்டையும் கட்டிவிடலாம். ஷாகிராவுக்கு முன்னால் இதை யாரும் யோசித்ததாக எனக்குத் தெரியவில்லை.

ஷாகிராவின் வீடு ஏறாவூரில். உறுகாமக் குளத்து வாய்க்காலில் இரண்டு ஏக்கர் வயல், உம்மா வழிச் சீதனம். பிள்ளைகள் இல்லை. புருஷன் சாலிஹும் அவளும் சேர்ந்துதான் அந்த வயலைப் பார்த்தார்கள். அவர் வரம்பில் நிற்பார், அவள் இறங்கிக் களை பிடுங்குவாள். மற்ற வீடுகளில் புருஷன் பெண்சாதி பிள்ளைகளின் படிப்பையும் கலியாணத்தையும் பேசுவார்கள். இவர்கள் பசளையையும் பூச்சியையும் பேசினார்கள். கேட்பவருக்குச் சிரிப்பாக இருக்கும். அவர்களுக்கு அது போதுமாக இருந்தது.

போன மாரியில் சாலிஹ் தன் கையாலேயே வீசி விதைத்தார். முளை விரல் உயரம் வந்த நேரம் ஒரு காலையில் நெஞ்சு நோகுது என்றார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. அன்றிலிருந்து ஷாகிராவுக்கு இருந்தது ஒரே யோசனைதான். அவர் விதைத்த விதை வீடு வந்து சேரவேண்டும். அதற்குப் பிறகு வயலைக் குத்தகைக்குக் கொடுத்தாலும் சரி, கொடுக்காவிட்டாலும் சரி.

மையித்து வீட்டுக்கு வருவதில் எங்கள் ஊர்ப் பெண்கள் குறை வைக்கமாட்டார்கள். முதல் கிழமை அந்த வீட்டில் பாய் விரிக்க இடமில்லை. ஆளுக்கு ஆள் அழுதார்கள், அழுதவர்களுக்கு மற்றவர்கள் தேத்தண்ணி ஊற்றினார்கள். நாற்பதாம் நாள் கத்தம் ஓதிப் போட்ட சோற்றோடு எல்லாம் சரி. பிறகு யார் வருவார்? அவரவருக்கு அவரவர் அடுப்பு. ஷாகிரா வெள்ளை உடுத்துக்கொண்டு உள்ளறையில் இருந்தாள். முன்கதவைச் சாத்தச் சொல்லி யாரும் சொல்லவில்லை. தெருவில் போகிறவர்கள் தலையைத் திருப்பிக்கொண்டு போவதைப் பார்க்கப் பிடிக்காமல் அவளே சாத்திவிட்டாள்.

வயலைப் பார்க்கிற பொறுப்பு அவளுடைய தம்பி முனாஸிடம் போனது. முனாஸ் புடவைக் கடைக்காரன். சீத்தைத் துணியைத் தொட்டே விலை சொல்லுவான், ஆனால் நெல்லுக்கும் கோரைக்கும் வித்தியாசம் சொல்லத் தெரியாது. சாலிஹ் இருந்த காலத்தில் கடையைப் பூட்டிவிட்டு நேரே மச்சான் வீட்டுக்குத்தான் வருவான். இரண்டு பேரும் கரம் போர்டு விளையாடிச் சண்டை பிடிப்பார்கள். மௌத்துக்குப் பிறகு அந்த வழக்கம் நின்றுபோனது. வயலில் ஏதும் காரியம் இருந்தால் மட்டும் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்குவான்.

"ராத்தா, பயிர் வெளிறிக் கிடக்காம். பக்கத்து வயல் மீராசாஹிப் காக்கா சொன்னார். யூரியா போடவா?"

"இலை ஒண்டு முறிச்சிட்டு வா. பார்த்துச் சொல்றன்."

அவன் இலையோடு வருவான். ஷாகிரா அதை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். பிறகு வாய்க்காலில் தண்ணி எவ்வளவு, மேற்குப் பக்க வரம்பை நண்டு துளைத்திருக்கிறதா, விதை நெருக்கமாக விழுந்த மூலை எப்படி நிற்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்பாள். அவன் தெரிந்ததைச் சொல்லுவான், தெரியாததையும் சொல்லுவான். அவன் தேத்தண்ணி குடித்த கோப்பையை அவள் உடனே கழுவமாட்டாள்.

இப்படியே மூன்று தரம் யூரியா போட்டாயிற்று. சாலிஹ் அதற்குமேல் போடுகிறவர் இல்லை. பிறகு பயிர் தன்பாட்டுக்கு வளர்ந்தது. ஒரு குறையும் இல்லை. குறை இல்லாததால் முனாஸும் வரவில்லை. மழை விடாமல் பெய்தது. ஷாகிரா சில நாட்களில் யாரோடும் ஒரு வார்த்தை பேசாமல் படுத்து எழும்பினாள். வாய் பேச மறந்துவிடுமோ என்று பயந்து குர்ஆனைச் சத்தமாக ஓதினாள். ஒரு நாள் முனாஸுக்குப் போன் அடித்தாள்.

"தம்பி, இன்னொருக்கா யூரியா போடணும். வந்து விவரம் கேட்டுக்கொண்டு போ."

"மூணு தரம் போட்டாச்சே ராத்தா. இலையெல்லாம் கரும்பச்சையாக் கறுத்துப்போய்க் கிடக்கு."

"கதிர் உள்ளுக்குள்ள கட்டுற குடலைப் பருவம். போடு."

வந்தான். கேட்டான். தேத்தண்ணி குடித்தான். மறுநாள் போட்டான். கறுத்த இலைக்கு யூரியா காட்டக்கூடாது என்பது முப்பது வருடம் வயல் செய்தவளுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துதான் சொன்னாள்.

கொழுத்த பயிரை அறக்கொட்டியான் விடாது. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, தண்டின் அடியில் கூட்டமாக இருந்து சாற்றை உறிஞ்சும் சின்னத் தத்துப்பூச்சி அது. மூட்டமும் ஈரமும் இருந்தால் அதற்குப் பெருநாள். கதிர் தள்ளி வரும்போது முனாஸின் போனிலிருந்து ஒரு படம் வந்தது. பச்சைக்கு நடுவே வட்டமாக ஒரு இடம் நெருப்பு வைத்ததுபோல் காய்ந்து கிடந்தது. ஷாகிரா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். அவர் விதைத்ததை நானே தின்னக் கொடுத்துவிட்டேன் என்று நினைத்தாள்.

முனாஸ் வயலிலிருந்தே பேசினான். "மருந்துக் கடையில ரெண்டு மருந்தக் கலந்து முழு வயலுக்கும் அடிக்கச் சொல்றானுகள்."

"வேணாம். அதுகளப் புடிச்சித் தின்னுற சிலந்தியும் செத்துப் போகும். முதல்ல வரம்புல வக்கடைய வெட்டு. தண்ணி முழுக்க இறங்கணும்."

"மழை பெய்யுதே ராத்தா."

"பெய்யட்டும். நீ வெட்டு. பிறகு கம்பால பயிரப் பிரிச்சிப் பிரிச்சி வழி விடு. அடிக்குக் காத்துப் போகணும். மருந்து, எரிஞ்ச இடத்தச் சுத்தி மட்டும், அடித்தண்டுல படுறமாதிரி."

அவளுக்கு ஓடிப்போய் வயலில் இறங்கவேண்டும் போல் இருந்தது. அவசியமென்றால் பகலில் போகலாம் என்று மௌலவிமார் சொல்லுவார்கள், ஆனால் ஊர் சொல்லாது. போனால் நாளைக்கு முனாஸின் பெண்சாதிதான் நாலு பேருக்குப் பதில் சொல்லவேண்டி வரும். ஆகவே போனைக் காதில் வைத்தபடி அடுப்படியில் நின்றாள். மண்வெட்டி விழுவது கேட்டது. முனாஸுக்கு மூச்சு வாங்கியது. மண்வெட்டி பிடித்துப் பழகாத கை.

"தண்ணி போகுதா?"

"போகுது."

"போனக் கிட்டப் புடி. நான் கேட்கணும்."

வெட்டின வரம்பால் தண்ணீர் பாயும் சத்தம் காதுக்குள் வந்தது. ஷாகிரா அப்படியே நிலத்தில் உட்கார்ந்து அழுதாள். சாலிஹ் போன நாளில்கூட ஆட்கள் சூழ இருந்ததால் அவள் அப்படி அழவில்லை.

மழை இரண்டு தரம் வயலை நிரப்பியது. இரண்டு தரமும் முனாஸ் போய் இறக்கிவிட்டான். பிறகு வெயில் வந்தது. ஒரு மூலை போய்விட்டது, மற்றது தப்பியது. மெசின் வந்து அறுத்தது. மூட்டைகள் வீட்டு மண்டபத்தில் வந்து இறங்கிய அன்று ஷாகிரா ஒன்றின் வாயை அவிழ்த்து நெல்லை அள்ளி மூக்கோடு வைத்தாள். சாலிஹின் விதை வீடு வந்து சேர்ந்துவிட்டது. இனி மனம் ஆறும் என்று நினைத்தாள்.

ஆறவில்லை. இத்தா முடிய இன்னும் நாள் கிடந்தது. வயல் முடிந்துவிட்டது. இலை கொண்டுவர யாருமில்லை, கேட்பதற்கும் ஒன்றுமில்லை. மண்டபம் நிறைய நெல் மூட்டை, பேச ஒரு மனிதர் இல்லை. நாலைந்து நாள் பொறுத்துப் பார்த்தாள். பிறகு போனை எடுத்தாள்.

"என்ன ராத்தா? வயல்ல ஏதாவது?"

"வயல்ல ஒண்டுமில்ல."

"அப்ப?"

ஷாகிரா ஒரு மூட்டையில் சாய்ந்து உட்கார்ந்தாள். பிறகு சொன்னாள். "நாலாவதாப் போட்ட யூரியா பயிருக்கில்லடா. பயிருக்கு அது தேவையில்லையெண்டு எனக்குத் தெரியும். நீ ஊட்டுக்கு வரணுமெண்டுதான் நான் போடச் சொன்ன. அதாலதான் பூச்சி விழுந்த. ஒரு மூலைய நான்தான் எரிச்ச."

மறுமுனையில் கடையில் யாரோ சீத்தைக்கு விலை கேட்டார்கள்.

"ஏசுறதெண்டா ஏசு. ஆனா வா," என்றாள். "எனக்குத் தனியா இருக்க ஏலாது."

அவன் போனை வைத்துவிட்டான். கோபித்துக்கொண்டான் என்றே அவள் நினைத்தாள். அஸர் தொழுகைக்குப் பிறகு மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. முனாஸ் வந்து வழக்கமான கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். கையில் இலையும் இல்லை, சொல்ல ஒரு விஷயமும் இல்லை. தேத்தண்ணியைக் குடிக்காமல் வைத்துக்கொண்டு நெல் மூட்டைகளையே பார்த்தான்.

"மச்சான் இல்லாத ஊட்டுக்கு வர எனக்குக் கால் வருதில்ல ராத்தா," என்றான். "உள்ள வந்தா அவர் இருக்கிற கதிரதான் முதல்ல கண்ணுல படுது. ஏதாவது சாட்டு இருந்தாத்தான் படியேறலாம். நாலாவது யூரியா வேணாமெண்டு மீராசாஹிப் காக்கா வரம்புல வச்சே எனக்குச் சொன்னவர்."

"பிறகேன் போட்ட?"

"போடாட்டி, என்ன சொல்லிக்கொண்டு நான் இஞ்ச வாற?"