பெரியவர் படத்துக்கு நான் வைத்த விளக்கு

எனக்குக் கோர்வையாக எழுத வராது. படித்தது ஐந்தாம் வகுப்பு வரைதான். ஞாபகமும் முன்போல இல்லை, காலையில் வைத்த சாவியை மத்தியானம் தேடுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு சம்பவத்தை மட்டும் மறக்க எவ்வளவோ முயன்றும் முடியவில்லை.

தொண்ணூற்றெட்டாம் வருடமோ ஒன்பதோ, ஆயுத பூஜை முடிந்து ஒரு மாதம் இருக்கும். அப்போது கோயம்புத்தூரில் கணபதி பக்கம் வாடகை வீட்டில் இருந்தோம். என் மகள் பி.காம். முடித்துவிட்டு, காந்திபுரத்தில் ஒரு சென்டரில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்தாள். கம்பெனிகளுக்கு இன்டர்நெட்டில் பக்கம் செய்து கொடுக்கும் வேலை. புரோகிராம் எழுதத் தெரிய வேண்டாமாம். அதற்கென்று ஒரு சாஃப்ட்வேர் வந்திருந்தது. படத்தை மவுஸால் பிடித்து இழுத்து வேண்டிய இடத்தில் விட்டால் போதும், பக்கம் தயார்.

எனக்கு அந்த வேலையைப் பார்த்தாலே எரிச்சலாக வரும். பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி முன்னறையில் வைத்தாள். இரண்டுக்கும் ஒரே லைன் என்பதால், அவள் இன்டர்நெட் போட்டால் வீட்டு போன் செத்துவிடும். அன்னூரிலிருந்து என் அண்ணன் மூன்று நாள் போன் அடித்துப் பார்த்துவிட்டு, யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று பயந்து பஸ் ஏறி வந்துவிட்டார். கரண்ட் போனால் செய்த வேலை எல்லாம் போய்விடும். வந்ததும் முதலிலிருந்து ஆரம்பிப்பாள். என் நாத்தனார் வரும்போதெல்லாம் ஒரு கேள்வி கேட்பார்.

"ஏனுங் அண்ணி, படம் ஒட்டற வேலைக்கு ஒரு பட்டப்படிப்பாக்கும்?"

நான் வாயைத் திறக்க மாட்டேன். யாரிடமும் பேசக் கூசுகிற சுபாவம் எனக்கு. ஆனால் மனதுக்குள் நாத்தனார் கட்சிதான்.

என் வீட்டுக்காரர் மில்லில் சொல்லி, ஆபீசில் இவளுக்கு ஒரு கிளார்க் வேலை வாங்கி வைத்திருந்தார். "இந்த மாசக் கடைசி வரைக்கும் அந்த எடத்தை உனக்குன்னு வெச்சிருப்பாங்க. அதுக்குள்ள ஒரு பார்ட்டியாவது உன்ற வேலையை ஒத்துக்கிட்டா சரி. இல்லீனா பேசாம மில்லுக்குப் போயிரு கண்ணு" என்று சொல்லிவிட்டார். மகளும் சரி என்றாள்.

அப்படி அவளுக்குக் கிடைத்த ஒரே பார்ட்டி, சூலூர் போகிற ரோட்டில் வெட் கிரைண்டர் செய்கிற ஒரு கம்பெனி. அந்த முதலாளி அவளைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. முதலில் மஞ்சள் வேண்டும் என்றார். மஞ்சள் அடித்ததும் பச்சை என்றார். பிள்ளையார் மேலே வர வேண்டும், கிரைண்டர் சுற்ற வேண்டும், கம்பெனி பெயர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்றார். கடைசியில் அவர் அப்பாவின் போட்டோவை ஃபிரேமோடு கழற்றிக் கொடுத்துவிட்டார். "எங்கப்பாரு ஆரம்பிச்ச கம்பெனி. அவரு படம் நடு மத்தியில வரோணும்" என்றாராம்.

அந்த போட்டோதான் வினை. கருப்பு வெள்ளைப் படம். கண்ணாடியில் நெற்றிக்கு நேராகக் காய்ந்த சந்தனமும் குங்குமமும். ஃபிரேமின் மேல் ஆணியில் நூலோடு ஒரு வாடிய பூ. இதைப் பார்த்தால் நீங்கள் என்ன நினைப்பீர்கள்? நானும் அதைத்தான் நினைத்தேன். ஆயுத பூஜைக்கு லேத் மெஷினிலிருந்து மேஜை நாற்காலி வரை எல்லாவற்றுக்கும் பொட்டு வைக்கிறபோது இந்தப் படத்துக்கும் சேர்த்து வைத்திருக்கிறார்கள் என்பது என் புத்திக்கு எட்டவில்லை. மகள் அந்தக் கம்பெனிக்கு நாலைந்து முறை போய் வந்தவள், அவளுக்குப் பெரியவரை நன்றாகத் தெரியும். என்னிடம் அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

படத்தை ஸ்கேன் பண்ணிப் பக்கத்தில் வைத்தாள். வெறும் முகம் மட்டும் நின்றது. ஒரு மாலை இல்லை, விளக்கு இல்லை. பெரிய மனுஷரை இப்படியா வைப்பார்கள், இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஒரு மரியாதை தெரிகிறதா என்று எனக்கு ஆற்றாமையாக இருந்தது.

மவுஸ் பிடிக்க எனக்கு அப்போதே தெரியும். மகள் போனில் பேசிக்கொண்டே, "அம்மா, அந்தப் படத்தைக் கொஞ்சம் கீழ இழுத்து உடு" என்பாள். இழுத்து விடுவேன். மறக்காமல் சேவ் பண்ணவும் சொல்லிக் கொடுத்திருந்தாள். அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து உட்கார்ந்தேன். பூ, விளக்கு, கோலம் என்று ஒரு சி.டி. நிறையப் படங்கள் வைத்திருந்தாள். அதிலிருந்து ஒரு மாலையை எடுத்துப் பெரியவர் தலைக்கு மேலே வைத்தேன். இரண்டு பக்கமும் குத்துவிளக்கு வைத்தேன். பார்க்க நிறைவாக இருந்தது. சேவ் பண்ணினேன். வந்தவள் கரண்ட் போய்விடுமோ என்கிற அவசரத்தில், திறந்துகூடப் பார்க்காமல் ஃபிளாப்பியில் ஏற்றிக்கொண்டாள்.

மறுநாள்தான் கம்பெனியில் பக்கத்தைக் காட்டும் நாள், நல்ல நேரம் பத்தரை மணிக்கு. தனியாகப் போக வேண்டாம் என்று துணைக்கு நானும் போனேன். கம்பெனி ஆபீசில் கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைத்து, தேங்காய் உடைத்து, முதலாளியும் அவர் தம்பிகளும் சுற்றி நின்றார்கள். அந்த சாஃப்ட்வேரை மகள் முன்பே வந்து அங்கேயும் போட்டு வைத்திருந்தாள். முதலாளி கதவுப் பக்கம் பார்த்து, "அப்பா வரட்டுமுங்க" என்றார்.

பனியன் வேஸ்ட் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு ஒருவர் உள்ளே வந்தார். படத்தில் இருந்த அதே முகம்.

மகள் ஃபிளாப்பியை உள்ளே தள்ளுகிறாள். நிறுத்து என்று ஒரு சொல் சொன்னால் போதும். அத்தனை ஆம்பளைகள் நடுவில் என் நாக்கு எழவில்லை. பக்கம் மேலிருந்து மெல்ல மெல்ல இறங்கி வந்தது. பிள்ளையார் வந்தார். கம்பெனி பெயர் வந்தது. மாலை வந்தது. அப்புறம் பெரியவர், இரண்டு பக்கமும் விளக்கோடு.

மகள் முகம் வெளுத்துப்போய்விட்டது. முதலாளி, "ஏனம்மணி, எங்கப்பாரு உசுரோட நிக்கறாரு, கண்ணு தெரியலியா உங்களுக்கு?" என்று கத்தினார். அவள் ஒன்றும் புரியாமல் திரையையே பார்த்தாள். அவள் திட்டு வாங்குவதைப் பார்க்க முடியாமல் எனக்கு எங்கிருந்தோ குரல் வந்தது.

"அதுக்கு ஒண்ணுந் தெரியாதுங்க. நாந்தானுங்க வெச்சேன். பொட்டும் பூவும் பார்த்துத் தப்பா நெனச்சுப்போட்டேனுங்க."

பெரியவர் என்னை ஒரு முறை பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார். "வெளக்கு நல்லா எரியுதுங்" என்றார். தம்பிகளில் ஒருவர் சிரித்துவிட்டார். முதலாளி சிரிக்கவில்லை. அவர் புத்தி வேறு பக்கம் போய்விட்டது.

"நீங்க எத்தனாவது படிச்சீங்க?"

"அஞ்சாவதுங்க."

"அஞ்சாவது படிச்சவங்களே மாத்த முடியுதுன்னா, எங்க ஆபீஸ் புள்ளையே இதைச் செஞ்சுக்குமே! இதுக்குத் தனியா ஒரு ஆளு எதுக்குங்?"

மகளைக் காப்பாற்ற வாயைத் திறந்து, அவள் பிழைப்புக்கே உலை வைத்துவிட்டேன். அவள் ஏதோ சொல்ல வருவதற்குள் முதலாளி நாற்காலியை என் பக்கம் தள்ளினார். "ஒக்காருங்க. வெச்சவங்களே எடுங்க, பார்க்கலாம்."

உட்கார்ந்தேன். மாலையைப் பிடித்து அழிப்பதற்குப் பதில் எதைப் பிடித்தேனோ தெரியவில்லை, மாலையோடு பெரியவரும் போய்விட்டார். கீழே இருந்த கிரைண்டர் எல்லாம் மேலே ஏறி, விலைப்பட்டியல் பிள்ளையார் மேல் விழுந்து, எழுத்துகள் ஓரத்தில் போய்க் குவிந்துவிட்டன. பயத்தில் பழக்கதோஷமாக சேவ் பண்ணி மூடியும்விட்டேன்.

"ஏனுங் அம்மணி, மாலை போட்டது பத்தாதுன்னு இப்ப அடக்கமே பண்ணிப்போட்டீங்களா?" என்றார் பெரியவர். இந்த முறை முதலாளிக்கே சிரிப்பு வந்துவிட்டது.

மகள், "எந்திரி" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். அடுத்த ஒரு மணி நேரம் அவள் நாற்காலியை விட்டு எழவே இல்லை. அந்தப் பக்கம் முழுக்க கண்ணுக்குத் தெரியாத கட்டங்கள் போட்டு, ஒவ்வொரு படமும் எதைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும் என்று முன்பே கணக்குப் பண்ணி வைத்திருக்கிறாள். ஒரு கட்டம் போனால் மற்றதெல்லாம் சரிந்துவிடும். மாதக்கணக்காக அவள் பக்கத்தில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்த எனக்கு, அன்றைக்குத்தான் அது தெரிந்தது. கட்டங்களைத் திரும்பப் போட்டாள். படங்களை அளவு பார்த்து உள்ளே வைத்தாள். விலைப்பட்டியல் இறங்கி வந்தது. பெரியவர் நடு மத்தியில், வெறும் முகத்தோடு வந்து உட்கார்ந்தார். நின்று பார்த்துக்கொண்டே இருந்த முதலாளி மெதுவாகச் சொன்னார்.

"இனி வெலை மாத்தறதுன்னாலும் நீங்களே வந்து மாத்திக் குடுத்துருங்க. எங்காளுக யாரும் இதுல கை வெக்க மாட்டோமுங்க."

மகள் மில் வேலைக்குப் போகவில்லை. அந்தக் கம்பெனிக்குப் பல வருடம் அவள்தான் பக்கம் பார்த்துக்கொண்டாள். அவர்கள் சொல்லித்தான் பம்பு கம்பெனி, பனியன் கம்பெனி என்று அடுத்தடுத்து ஆட்கள் வந்தார்கள்.

ஆனால் அன்று பஸ்ஸில் திரும்பி, எங்கள் ஸ்டாப்பில் இறங்கியதும் சொன்னாள்.

"தப்புப் பண்ணுனது போகட்டும்மா. அந்தப் பெரியவரு இருக்காரா இல்லையான்னு என்றகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா என்ன? அவரு உள்ள வந்தப்பவே உனக்குத் தெரிஞ்சிருக்குமில்ல? அப்பவும் வாயைத் தொறக்கலியே."

பேசாமல் இருப்பதை நல்ல குணம் என்று ஊரில் எல்லாரும் சொல்லி, நானும் நம்பிக்கொண்டிருந்தேன். அவள் வேலையைப் பற்றி ஒரு நாளாவது என்னவென்று கேட்டிருந்தால், அதை மனதுக்குள் ஏளனம் பண்ணியிருக்கவும் மாட்டேன், அதில் கை வைத்திருக்கவும் மாட்டேன். அன்றிலிருந்து தெரியாததைக் கேட்டுவிடுகிறேன், கூச்சத்தோடுதான். இதில் கம்ப்யூட்டர் சமாச்சாரம் எதையாவது தப்பாக எழுதியிருப்பேன். விவரம் தெரிந்த யாராவது தயவுசெய்து சரிபார்த்துவிடுங்கள்.