தொட்டியில் ஊறிய பூட்ஸ்

என் வலது காலில் ஆறு விரல். கடையில் விற்கிற பூட்ஸ் எதற்குள்ளும் அது நுழையாது. அதனால் மதுரைக்குப் போய், காகிதத்தில் பாதத்தை வரையக் கொடுத்து, தனியாகத் தைத்து வாங்கினேன். அப்படியும் அந்த விரலைக் கடித்தது. உச்சிப்புளிப் பள்ளிக்கூடத்துக்கு வாத்தியாராக மணலில் நடந்து போய் வருவதற்குள் உயிர் போய்விடும்.

ஒரு சனிக்கிழமை, கிணற்றில் தண்ணீர் இறைக்கும் கமலைத் தோலை ஊறப்போடுவது போல, என் அய்யா அந்த பூட்ஸை மாட்டுத் தொட்டியில் அமுக்கியெடுத்து, விளக்கெண்ணெயும் தடவி வைத்திருந்தார்.

“தோலு காஞ்சா வெடிச்சுப்போகும்லே,” என்றார்.

கோபப்படக்கூட எனக்குத் தெம்பில்லை. திங்களன்று, பளபளப்பு போய்க் கோணிக்கிடந்த அதையே மாட்டிக்கொண்டு வகுப்பில் நின்றேன். பிள்ளைகள் சிரித்தார்கள். ஆறாவது விரல் மட்டும் வலிக்கவில்லை.